நண்பகல் மின்சாரமும் நண்டுப் பெட்டியும்

2025 ஆம் ஆண்டு மே மாதக் கடைசிக் கிழமையில், பனிச்சங்கேணிப் பாலத்தடியில் என் பழைய மாணவி ஒருத்தி சைக்கிளை நிறுத்தி என்னிடம் ஒரு கடிதத்தைக் காட்டினாள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. பல்கலைக்கழக விடுமுறையிலே பத்துக் கிழமை, தலைநகரை அண்டிய ஓர் ஆய்வுகூடத்தில், வலு இலத்திரனியலும் சத்தி முறைமைகளும் பற்றிய ஆராய்ச்சியிற் பயிற்சி பெற அவளைத் தெரிந்தெடுத்திருப்பதாக அது கூறிற்று.

"நல்ல செய்திதானே புள்ள, ஏன் முகம் வாடிக் கிடக்கு?" என்றேன்.

"கடைசி வரியையும் வாசிங்க சேர்."

கொடுப்பனவு எதுவும் இல்லை. தங்குமிடமும் உணவும் பயிற்சி பெறுவோரின் பொறுப்பு. அதுதான் கடைசி வரி. இரண்டு பக்கப் பாராட்டுரையின் அடியிலே, சின்ன எழுத்தில், அமைதியாகக் கிடந்தது.

இந்தப் பெண்ணுக்கு நான் ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் தமிழ் படிப்பித்தேன். உயர்தரத்தில் கணிதம் படிக்க மட்டக்களப்பு நகரத்துக்குச் சென்று, உறவினர் வீட்டுத் திண்ணையிற் படுத்துப் படித்துப் பேராதனைக்குப் பொறியியல் கற்கப் போனாள். தகப்பன் வாவியில் நண்டு பிடிப்பவர். எங்கள் பகுதியில் ஒரு வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பொறியியலுக்குப் போவது, ஒரு தோணி மணற்றிட்டைத் தாண்டிக் கடலுக்குப் போவது போன்றது. அலை எந்த நேரமும் திருப்பி எறியலாம்.

நான் அன்று பேசிய பேச்சை இப்பொழுது நினைக்க வெட்கமாக இருக்கிறது. "பணத்தைப் பற்றி யோசியாதே, வாய்ப்பு ஒருமுறைதான் வரும், போ" என்று ஒரு மேடைப் பேச்சாளனைப் போலச் சொன்னேன். மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இந்த வசனம் மிக எளிதாக வாயில் வரும். அவளும் போனாள். பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. நாற்பது நாள் கழித்து, அதுவும் வேறொருவர் வாயாலே, தெரிய வந்தது. தகப்பன் நண்டு வாங்கும் முதலாளியிடம் 75,000 ரூபாய் முற்பணம் எடுத்திருக்கிறார். கடன் தீரும்வரை பிடிக்கும் நண்டு முழுவதும் அந்த முதலாளிக்கே, அவர் சொல்லும் விலைக்கே. வட்டி என்று எதுவும் இல்லை என்று ஊரிலே பெருமையாகச் சொன்னார்கள். வட்டி தராசிலே இருக்கிறது என்பதை எங்கள் ஊரிற் பிறந்த எவரும் அறிவர்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பனிச்சங்கேணி, திருகோணமலைக்குப் போகும் தெருவில், வாழைச்சேனைக்கு வடக்கே வாகரைப் பகுதியில் உள்ள வாவிக்கரைக் கிராமம். பெயரைப் பிரித்தாற் பனிச்சையும் கேணியும் நிற்கும். பனிச்சங்காயின் துவர்ச்சாற்றிலே பருத்தி வலைகளைத் தோய்த்து உரமேற்றிய காலம் எங்கள் பாட்டன்மாருடையது. 2004 இற் கடல் வந்தது; 2006 இற் போர் வந்து ஊரைக் காலி செய்தது. அப்போது எனக்குப் பதினாறு வயது. அகதி முகாமிலே மண்ணெண்ணெய் விளக்கின் முன் படித்தேன். போர் முடிந்த பிறகுதான் எங்கள் வளவுக்கு மின்கம்பி வந்தது. ஆகையால் மின்சாரம் என்பது எனக்குப் பாடப்புத்தக விஷயமன்று. என் இளமையில் இல்லாதிருந்த ஒரு பொருள்.

கொழும்பிலிருந்து அவள் இரவு வேளைகளில் தொலைபேசியிற் பேசுவாள். பெரும்பாலும் சொற்களைப் பற்றித்தான். "அப்பா என்ன படிக்கிறாய் என்று கேட்கிறார், ஆங்கிலத்தில் தெரிகிறது, தமிழிற் சொல்ல வாய் வரவில்லை" என்பாள். பள்ளியில் பதின்மூன்று ஆண்டு தமிழிற் படித்த பிள்ளை. பல்கலைக்கழகத்தின் முதல் வாசலிலே அந்தத் தமிழைச் செருப்பைப் போலக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருக்கிறது. அவளுக்குச் சொல் தேடிக் கொடுக்கப் புகுந்து, நான் பொருளைக் கற்றுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11 மணியளவில் இலங்கை முழுவதும் இருண்டது. பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியிற் பட்டது என்று அமைச்சர் சொன்னார். உலகம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம், அனுமாரை இழுத்துப் பகிடி பண்ணினோம். பத்தாந் திகதியும் பதினோராந் திகதியும் முறை வைத்து ஒன்றரை மணி நேரம் மின்சாரத்தை வெட்டியபோது சிரிப்பு அடங்கிற்று. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர வெட்டை அனுபவித்தவர்களல்லவா நாம்?

ஆனால் ஒரு குரங்கு எப்படி ஒரு நாட்டை இருட்டாக்கும்? குரங்கு என்றும் இருக்கிறது, கம்பியும் என்றும் இருக்கிறது. அவளுடைய ஆய்வுகூடத்தின் கேள்வியும் இதுவே.

நமது நாட்டு மின்வலை செக்கனுக்கு ஐம்பது முறை ஆடும் ஆடலோட்டத்தில் இயங்குகிறது. இந்த ஐம்பதை நமது பாடநூல்கள் மீடிறன் என்கின்றன. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் 300 மெகாவாற்று இயந்திரங்கள் மூன்று. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் பெரும் இரும்புத் தண்டு. திடீரென்று எங்கோ ஒரு நிலையம் விழுந்தாலும், இந்தச் சுழலும் இரும்பு தன் சுழற்சியிலுள்ள சத்தியைக் கொடுத்துச் சில செக்கன் தாங்கும். அதற்கிடையில் வேறு இயந்திரங்கள் உதவிக்கு வந்து சேரும். அந்தத் தாங்குதலுக்குப் பெயர் சடத்துவம்.

இந்த இடத்தில் எனக்கு ஓர் அதிர்ச்சி. பத்து ஆண்டுகளாக வகுப்பிலும் கூட்டங்களிலும் "சமூகத்தின் சடத்துவம்" என்று நான் வைதிருக்கிறேன். சடம் என்றால் எங்களுக்கு உயிரற்றது, அசையாதது, முன்னேற்றத்தின் பகை. அவளுக்கோ சடத்துவம் என்பது ஓடிக்கொண்டிருப்பதை விழாமல் ஓட வைக்கும் நற்குணம். "சேர், நிற்கிற பொருளுக்கு மட்டுமில்ல, ஓடுற பொருளுக்கும் சடத்துவம் இரிக்கி" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து அந்த வசைச் சொல்லை நான் கவனமாகவே பாவிக்கிறேன்.

சூரியத் தகட்டிற் சுழலும் இரும்பு இல்லை. அது தருவது நேரோட்டம். அதை ஆடலோட்டமாக்குவது, இன்வேட்டர் என்று எல்லோரும் சொல்லும் பெட்டி. உள்ளே குறைகடத்திச் சில்லுகள் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, நேராக வரும் மின்னை வெட்டி வெட்டி அலையாக்குகின்றன. வலு இலத்திரனியல் என்ற பெரிய பெயரின் உள்ளே இருப்பது இந்தத் திறந்து மூடும் கதவுதான். அக்கதவுகளில் இன்று பெரிதும் பயன்படும் ஐ.ஜீ.பி.ரி. என்ற சில்லை 1980 அளவில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கியவர் ஜயந்த் பாலிகா. அவர் சென்னையிற் பிறந்தவர். 1969 இற் சென்னை ஐ.ஐ.டி.யிற் பட்டம் பெற்றவர். மின்சார ரயில் முதற் காற்றாலை வரை அச்சில்லு இருக்கிறது. இதை அவள் சொல்லித்தான் நான் அறிந்தேன். நமது மேடைகளில் உதிரும் பெருமைப் பட்டியல்களில் இந்தப் பெயரை நான் கேட்டதேயில்லை.

அந்தப் பெப்ரவரி ஞாயிறு வேலைத்தலங்கள் மூடியிருந்த நாள். மின் தேவை குறைவு. வெயில் நல்ல வெயில்; கூரைகளெல்லாம் மின்சாரத்தைக் கொட்டின. ஆகவே சுழலும் கனத்த இயந்திரங்கள் குறைவாகவே ஓடின. தாங்குவதற்கு இரும்பு போதாத வேளையில் ஓர் உபநிலையம் தடுமாறியதும் வலை முழுவதும் சரிந்தது. இலங்கை மின்சார சபையே அப்போது சடத்துவக் குறைவைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லிற்று. குரங்கு வெறும் சாட்டு.

(அதே ஆண்டு ஏப்ரல் 28 இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருண்டபோது பலர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினார்கள். அவள் என்னைத் திருத்தினாள். அங்கே முதன்மையான சிக்கல் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்த முடியாமற் போனது. நோய் வேறு என்றாள்.)

மருந்து என்ன? பெட்டியையே சுழலும் இரும்பைப் போல நடிக்கச் செய்வது. இன்று பெரும்பாலான இன்வேட்டர்கள் வலையின் அலையைக் கேட்டு அதன் பின்னே போகின்றன. வலை விழுந்தால் அவையும் வாயை மூடிக்கொள்ளும். அப்படியின்றித் தாமே அலையை ஆக்கி, மற்றவற்றுக்குத் தாளங் கொடுக்கும் பெட்டிகளும் உண்டு. இவ்விரண்டுக்கும் தமிழ்ப் பெயர் கேட்டாள். எனக்கு எங்கள் கூத்துக் களரி நினைவுக்கு வந்தது. "ஒன்று பிற்பாட்டுக்காரன், மற்றது மத்தளம் பிடித்த அண்ணாவியார்" என்றேன். கலைச்சொல் அகராதி இதை ஏற்காது. ஆனால் அவள் தகப்பன் உடனே ஏற்றுக்கொண்டாராம்.

இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டவர் பின்னால் வந்தவர்களுமல்லர். காற்றாலைகள் மீடிறன் மாற்றத்துக்கு எவ்வாறு பதில் கொடுக்கின்றன என்பதைப் பேராதனையின் பேராசிரியர் ஜானக ஏக்கநாயக்க, நிக் ஜென்கின்சுடன் சேர்ந்து 2004 இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நாட்டை இருட்டாக்கிய நோயைப் பற்றி, இருபது ஆண்டுக்கு முன்பே நம்மவரின் கையெழுத்தில் ஒரு கட்டுரை இருந்தது. அறிவு இருப்பதும் அது ஆட்சியாளரின் காதுக்குப் போவதும் இரண்டு வேறு காரியங்கள். டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் நீர்மின்சாரத் திட்டத்தை விளக்கிக் கட்டுரை படித்தார். குடியேற்ற ஆட்சி அதைத் தொடங்கியும் நிறுத்தியும் இழுத்தது. லக்சபான நிலையம் 1950 இலேதான் மின்சாரம் கொடுத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! கொடுத்த பின்னரும் அந்தக் கம்பிகள் தேயிலைத் தோட்டத்து லயன்களின் தலைக்கு மேலாகக் கொழும்புக்குப் போயின. லயன்கள் பலவற்றில் பல தசாப்தங்களுக்குக் குப்பி விளக்கே எரிந்தது. மலையை உடைத்த மண்ணிலே வாழ்ந்தவனுக்கு வெளிச்சம் கடைசியாகத்தான் வந்தது.

ஆய்வுகூடத்தில் அவளோடு ஆறு பேர். நால்வர் தலைநகர் வீடுகளிலிருந்து வருவோர். அந்த வீடுகளின் கூரைகளிற் சூரியத் தகடும் இருந்தது. ஐந்தாமவன் மொனராகலையிலிருந்து வந்த சிங்கள மாணவன், சேனைப் பயிர் செய்யும் குடும்பம். அவனும் கடன்பட்டே வந்திருந்தான். இருவரும் மாலையில் ஒரே தெருவில் வெவ்வேறு வீடுகளிற் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சாப்பாட்டுச் செலவைப் பார்த்தார்கள். பகலில் ஒரே பலகையில் இருந்து பற்றாசு வைத்தார்கள். இரண்டாம் கிழமை அவள் ஒரு சில்லை எரித்துவிட்டாள். கரும்புகை வந்தது, விலையை யார் கொடுப்பது என்ற பயத்தில் அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் அவன் தானும் ஒன்றை எரித்ததாகப் போய்ச் சொல்லிவிட்டான். "இருவர் எரித்தால் அது பயிற்சி, ஒருவர் எரித்தால்தான் அது பிழை" என்பது அவன் தத்துவம். சிங்களமும் அரைகுறை ஆங்கிலமும் கலந்து சொன்ன இந்த வார்த்தையை அவள் எனக்குச் சொன்னபோது, இந்நாட்டு இன ஒற்றுமை பற்றி நான் கேட்ட சொற்பொழிவுகள் பல நினைவுக்கு வந்தன. அவற்றைப் பற்றி இங்கு எழுதாமல் விடுகிறேன்.

ஒன்பதாம் கிழமை ஒவ்வொருவரும் எழுந்து நின்று தங்கள் வேலையை விளக்க வேண்டும். அவள் தன் பெட்டியின் அலைகளைத் திரையிற் காட்டினாள். நன்றாக இருந்தது என்றார்கள். பிறகு, பட்டியலில் இல்லாத ஒன்றைப் பேசினாள். 2025 ஏப்ரல் 13 முதல் 21 வரை, புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறையும் என்பதனால், கூரைச் சூரிய மின்சாரம் வைத்திருப்போரைப் பகல் 3 மணிவரை அதை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. வலையைக் காக்க வேறு வழி அப்போது இருக்கவில்லை. அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் அதே ஒன்பது நாளும், அதே நண்பகலில், வாகரைக் கரையில் ஐஸ் இல்லாமல் நண்டு செத்தது. வீசி எறியப்படும் நண்பகல் மின்சாரத்தை அந்த அந்த இடத்திலேயே ஐஸாக்கி வைத்தால் என்ன? பற்றரி விலை கூடியது. தண்ணீர் எங்கும் இருக்கிறது. ஐஸும் ஒரு பற்றரிதானே? இதுதான் அவள் கேள்வி.

தலைமை வகித்தவர், நல்ல மனிதர்தான், சற்று யோசித்து, "அழகான எண்ணம், ஆனால் இது வலு இலத்திரனியல் அல்ல, பொருளாதாரம்" என்றாராம்.

அவர் சொன்னது உண்மை. உண்மையாக இருப்பதுதான் என்னை உறுத்துகிறது. அலையைப் பற்றி எவ்வளவும் கேட்கலாம். அலை யாருடைய வீட்டுக்குப் போகிறது என்று கேட்டால் அது அடுத்த கட்டிடத்தின் பாடம். எங்களுக்கு வடக்கே சம்பூர் இருக்கிறது. 2006 இல் அந்த மக்களும் எங்களைப் போலவே ஓடினார்கள். அவர்களின் மண்ணில் 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் என்றார்கள். 2016 இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5 இல் அங்கே 120 மெகாவாற்றுச் சூரிய நிலையத்துக்குத் தொடக்க விழா நடந்தது. நிலக்கரியை விட வெயில் நல்லதுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. சாம்பலற்ற மின்சாரம் வேண்டும், அதற்கு இந்தப் பெட்டிகளும் வேண்டும், அவற்றைச் செய்யத் தெரிந்த பிள்ளைகளும் வேண்டும். ஆனால் எரிபொருள் மாறும்போது உரிமையும் தானாக மாறும் என்று நம்புவோர் நம்மிடையே பலர். ஆசிரியர் அறையில் அவர்களோடு நான் அடிக்கடி சச்சரவு படுகிறேன்.

ஆகஸ்ட் நடுவில் அவள் ஊருக்கு வந்தாள். அன்று மாலை நானும் அவர்கள் வளவுக்குப் போனேன். தகப்பன் வலை பொத்திக்கொண்டிருந்தார். எனக்கு முகம் கொடுத்துப் பேசக் கூச்சமாக இருந்தது. முற்பணத்தைப் பற்றி நான் தொடங்க, அவர் கையை அசைத்து நிறுத்திவிட்டார்.

"அதெல்லாம் மாரிக்குள்ள முடிஞ்சிரும் சேர். புள்ள என்ன படிச்சுவந்தாள் எண்டு கேளுங்க."

அவள் தகப்பனுக்குச் சடத்துவத்தை விளக்கினாள். "பெரிய தோணியில என்ஜினை நிறுத்தினாலும் கொஞ்சத் தூரம் ஓடும்தானே அப்பா? றெஜிபோம் பெட்டியைத் தள்ளிவிட்டா உடனே நிண்டிரும். முந்தி நாட்டில பெரிய தோணி நிறைய ஓடினது. இப்ப பெட்டி கூடிப்போச்சு." அவருக்குப் புரிந்தது, எனக்கு இரண்டு மாதம் பிடித்த பாடம். பிறகு ஐஸ் கதை வந்தது. தினக் கலண்டரிற் கிழித்த தாளின் பின்புறத்தில் அவள் கணக்குப் போட்டாள். கிணற்றுத் தண்ணீர் 28 பாகை. ஒரு கிலோவைக் குளிரச் செய்து உறைய வைக்க ஏறக்குறைய 450 கிலோயூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஆயிரம் கிலோவுக்கு அது 125 யூனிற். சாதாரண குளிரூட்டும் இயந்திரம் ஒரு யூனிற் மின்சாரத்தால் இரண்டு யூனிற் வெப்பத்தை வெளியேற்றுமென்று வைத்தால், 63 யூனிற் மின்சாரத்தில் ஒரு தொன் ஐஸ். பத்துக் கிலோவாற்றுத் தகடு எங்கள் வெயிலில் நாளுக்கு நாற்பது யூனிற்றளவு தரும். ஆகக் கூடக்குறைய அறுநூறு கிலோ ஐஸ், ஒவ்வொரு நாளும், இந்தக் கரையில்.

தகப்பன் வலையைக் கீழே வைத்தார். ஐஸ் ஒரு பெட்டி கையில் இருந்தால், முதலாளியின் லொறி வரும்போது "இன்றைக்கு விற்கவில்லை" என்று சொல்லலாம். அந்த ஒரு வசனத்தைச் சொல்ல முடியாததுதான் அவருடைய வறுமை. ஐஸ் இல்லாதவன் பொழுது சாயுமுன் கேட்ட விலைக்குக் கொடுத்தேயாக வேண்டும்.

"நம்ம கரைக்கு எத்தின தோணி?" என்று அவரே கேட்டு, விரல் மடக்கி எண்ணினார். ஒரு தோணிக்கு இருபது கிலோ என்று பார்த்தார். போதும், மிச்சமும் வரும் என்று கண்டார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு மெல்லப் போயிற்று.

"அந்த மிசின் ஆர்ர பேரில இரிக்கும் மகள்?"

அவள் பேனாவைத் தாளில் வைத்தபடியே நிமிர்ந்தாள். கூட்டுறவுச் சங்கம் என்றாள். சங்கத்தின் தலைவர் யார் என்று மூவருக்கும் தெரியும். அவருக்கு லொறியும் உண்டு. வங்கிக் கடன் என்றாள். எதை ஈடு வைப்பது என்றார் அவர். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பாலத்தடியிற் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

தாய் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். குடித்து முடிய இருட்டிவிட்டது, மின்குமிழைப் போட்டார்கள். அவள் அந்தக் கலண்டர்த் தாளை மடித்துத் தன் ஆய்வுக் குறிப்பேட்டுக்குள், அலைப் படங்கள் ஒட்டியிருந்த பக்கத்தில், வைத்தாள். மேலே "ஆர்ர பேரில?" என்று தமிழில் எழுதியிருந்தாள். மறுநாட் காலை கண்டிக்குப் போகும் பேருந்துக்கு அவளை ஏற்றிவிடத் தகப்பன் வந்தார். அன்று பிடித்த நண்டுப் பெட்டி அவர் காலடியில் இருந்தது; லொறி இன்னும் வரவில்லை.